ஆறு கம்ப்யூட்டருக்கும் ஒரே ‘அட்மின்’ லாகின்: எதைப் பிரிப்பது, எதைப் பூட்டுவது?

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் அப்பா பருப்பு, மிளகாய் வத்தல், மளிகை மொத்த வியாபாரம் செய்கிறார். கடையில் ஆறு கம்ப்யூட்டர். பில் போட மூன்று, கணக்கருக்கு ஒன்று, குடோனில் ஒன்று, அப்பாவின் அறையில் ஒன்று. டாலி (கணக்கு மென்பொருள்) டேட்டாவும் கொள்முதல் விலைப்பட்டியலும் அப்பாவின் கம்ப்யூட்டரில் உள்ளன. அதன் டி டிரைவ் முழுவதையும் ஷேர் செய்திருக்கிறோம். எல்லாவற்றிலும் ‘அட்மின்’ என்ற ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு. போன மாதம் பில் போட்ட பையன் ஒருவர் வேலையை விட்டுவிட்டார். அடுத்த வாரமே விலைப்பட்டியல் எக்செல் ஃபைலைக் காணவில்லை. யார் அழித்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? இனி யாரும் எதையும் அழிக்க முடியாதபடி பூட்ட முடியுமா? புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் ஷேரைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது. சர்வர் வாங்கினால்தான் தீருமா? கணக்கர் திருமங்கலத்தில் தன் வீட்டிலிருந்து எனிடெஸ்க் (தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்) வழியாகவும் வேலை பார்க்கிறார்.

பதில்: நடந்துபோனதை யார் செய்தார் என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது. முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தாலொழிய வின்டோஸ் ஃபைல் அழிப்பைக் குறித்து வைப்பதில்லை. குறித்து வைத்திருந்தாலும் ‘அட்மின் அழித்தார்’ என்றுதான் இருக்கும். உங்கள் கடையில் எல்லோருமே அட்மின். போன பையனுக்கும் போன ஃபைலுக்கும் முடிச்சுப் போடுவதற்கு முன், டி டிரைவ் முழுவதிலும் அந்த ஃபைலின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். மவுஸ் வழுக்கி ஒரு ஃபைலோ ஃபோல்டரோ பக்கத்து ஃபோல்டருக்குள் போய் விழுவது இப்படித் திறந்து கிடக்கும் ஷேர்களில் அடிக்கடி நடப்பது. உண்மையிலேயே அழிந்திருந்தால் ரீசைக்கிள் பின்னில் தேடிப் பயனில்லை. நெட்வொர்க் வழியாக அழித்த ஃபைல் அங்கே போகாது. ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ‘ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்’ பக்கத்தை ஒருமுறை பாருங்கள். ரெகவரி மென்பொருள் போட்டுப் பார்ப்பதாக இருந்தால், அதுவரை டி டிரைவில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். அந்த டிஸ்க் எஸ்எஸ்டி என்றால் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம்.

சர்வர் வேண்டாம். ஆறு கம்ப்யூட்டருக்கு அப்பாவின் கம்ப்யூட்டரே போதும். சாதாரண வின்டோஸ் ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரை ஷேருக்கு அனுமதிக்கும். அந்த ஒன்றில் மட்டும் வின்டோஸ் ப்ரோ இருக்க வேண்டும். குழுக்களை உருவாக்கும் பக்கமும் பாதுகாப்புக் கொள்கைப் பக்கமும் ஹோம் பதிப்பில் கிடையாது. மற்ற ஐந்தும் ஹோம் ஆக இருந்தால் பரவாயில்லை. அப்பாவின் கம்ப்யூட்டர் இன்னும் வின்டோஸ் 10-ல் ஓடுகிறது என்றால் முதலில் அதை மாற்றுங்கள். 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது.

‘பூட்ட முடியுமா’ என்ற கேள்விக்கு வருவோம். இன்றைய நிலையில் எந்தப் பூட்டும் நிற்காது. அட்மினிஸ்ட்ரேட்டராக உட்கார்ந்திருப்பவர் எந்த ஃபோல்டரின் உரிமையையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், எந்த அனுமதியையும் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளலாம். கல்லாச் சாவியையும் குடோன் சாவியையும் ஒரே கொத்தில் போட்டு ஆளுக்கு ஒரு கொத்து கொடுத்துவிட்டு, எந்தப் பூட்டு நல்ல பூட்டு என்று கேட்பதில் பொருளில்லை. ஆகவே ஃபோல்டர் அனுமதிகளைத் தொடுவதற்கு முன் லாகின்களைப் பிரிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டு முறை வேலை.

பில் கம்ப்யூட்டர்களில் புது லாகின் போட்டு ஊழியர்களை அதற்கு மாற்றுவதுதான் பலரும் செய்வது. அதில் தொல்லை அதிகம். டெஸ்க்டாப் வெறுமையாக வரும், மேப் செய்த டிரைவ் (ஷேருக்கான குறுக்குவழி) காணாமல் போகும், நெட்வொர்க் பிரிண்டரை மறுபடி சேர்க்க வேண்டும், டீஃபால்ட் பிரிண்டர் மாறிவிடும். காலை பத்து மணிக்கு உசிலம்பட்டி லாரி வாசலில் நிற்கும்போது பில் தவறான பிரிண்டரில் வந்தால், மதியத்துக்குள் எல்லோரும் பழைய அட்மினுக்கே திரும்பிவிடுவார்கள். அதனால் தலைகீழாகச் செய்யுங்கள்: புதிதாக ஓர் அட்மினிஸ்ட்ரேட்டரை உருவாக்கிவிட்டு, இப்போதிருக்கும் ‘அட்மின்’ லாகினைச் சாதாரண லாகினாகக் கீழே இறக்குங்கள். ஊழியர்களுக்குக் கண்ணில் எதுவும் மாறாது.

செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் ‘ஆட் அக்கவுண்ட்’ கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் மெயில் ஐடி கேட்கும். ‘இவருடைய சைன்-இன் விவரம் என்னிடம் இல்லை’, அடுத்த பக்கத்தில் ‘மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல் சேர்’ என்ற வரிகளைத் தேர்ந்தெடுங்கள். பெயர் ‘பொறுப்பு’ என்பதுபோல் ஏதாவது இருக்கட்டும். பாதுகாப்புக் கேள்விகள் மூன்று கேட்கும். சொந்த ஊர், படித்த பள்ளி என்று உண்மையைப் போட்டுவிடாதீர்கள். அந்தப் பதில் தெரிந்த எவரும் பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். சம்பந்தமில்லாத எதையாவது போட்டுக் குறித்து வையுங்கள். பிறகு ‘சேஞ்ச் அக்கவுண்ட் டைப்’ மூலம் அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். சைன் அவுட் செய்து, புதிய லாகினில் உள்ளே போய், ஏதாவது ஒரு செட்டிங்கை மாற்ற முடிகிறதா என்று பார்த்துவிட்டு, அங்கிருந்துதான் பழைய ‘அட்மின்’-ஐ ‘ஸ்டாண்டர்ட் யூசர்’ ஆக்க வேண்டும். இதைச் சோதிக்காமல், இருக்கிற ஒரே அட்மினிஸ்ட்ரேட்டரை இறக்கிவிடுபவர்கள் உண்டு. அதற்குப் பிறகு எதைத் தொட்டாலும் அனுமதி கேட்கும் பெட்டி வரும், அதில் ‘யெஸ்’ பட்டன் மங்கலாக இருக்கும், அழுத்த முடியாது. மீட்பது ஒரு நாள் வேலை.

பழைய லாகினில் குரோம் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை அழித்துவிடுங்கள். பேங்க், ஜிஎஸ்டி தளம் எல்லாம் அதில் இருந்தால் அட்மினிலிருந்து இறக்கியும் பயனில்லை. பழைய பில்லிங் மென்பொருள் ஏதாவது ‘அட்மினாக ஓடினால்தான் ஓடுவேன்’ என்று அடம் பிடித்தால், அதற்காக ஆளை மறுபடி அட்மின் ஆக்காதீர்கள். அந்த மென்பொருள் தன் சொந்த ஃபோல்டரில் எதையோ எழுதப் பார்க்கிறது, முடியவில்லை. பெரும்பாலும் காரணம் அதுதான். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் ‘மாடிஃபை’ (திருத்தவும் அழிக்கவும்) அனுமதி கொடுத்தால் ஓடிவிடும்.

ஆளுக்கு ஒரு லாகினா, சீட்டுக்கு ஒரு லாகினா? பாடப்புத்தகம் ஆளுக்கு ஒன்று என்றுதான் சொல்லும். மொத்தக் கடைக் கவுண்டரில் அது எடுபடாது. ஒருவர் சாப்பிடப் போனால் அடுத்தவர் அந்த சீட்டில் உட்காருவார். சைன் அவுட், சைன் இன் என்று யாரும் செய்ய மாட்டார்கள், பாஸ்வேர்டைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எனவே வின்டோஸ் லாகின் சீட்டுக்கு ஒன்று: பில்1, பில்2, பில்3, குடோன். டாலிக்குள் போகும் லாகின் மட்டும் கண்டிப்பாக ஆளுக்கு ஒன்று. யார் போட்ட பில், யார் திருத்திய ரசீது என்பது அங்கேதான் தெரிய வேண்டும். கணக்கர், அப்பா, நீங்கள் மூவருக்கும் வின்டோஸிலும் தனித்தனி லாகின். அப்பாவின் அன்றாட லாகினும் ஸ்டாண்டர்டாகத்தான் இருக்க வேண்டும். முதலாளி என்பதால் அட்மினாக இருக்கட்டும் என்று விட்டால், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு போலி ‘கல்யாணப் பத்திரிகை’ ஃபைலைத் திறந்தாலே அது கம்ப்யூட்டர் முழுவதற்கும் உரிமை கேட்கும், அவரும் ‘யெஸ்’ கொடுத்துவிடுவார்.

அடுத்து அப்பாவின் கம்ப்யூட்டர். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து ‘கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்’, அதில் ‘லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்’. இங்கே பில்1, பில்2, பில்3, குடோன், கணக்கர் என்று எல்லா லாகின்களையும் உருவாக்குங்கள். அந்தந்த சீட்டில் இருக்கும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு. சீட்டில் இறக்கிவிட்ட பழைய ‘அட்மின்’ லாகினின் பெயரை அங்கேயே பில்1 என்று மாற்றிவிடலாம் என்று தோன்றும். செட்டிங்ஸிலோ கன்ட்ரோல் பேனலிலோ மாற்றினால் பல நேரம் மாறுவது திரையில் தெரியும் முழுப்பெயர் மட்டும்தான். உள்ளே இருக்கும் லாகின் பெயர் பழையதாகவே இருக்கும். நெட்வொர்க் அந்த உள்பெயரைத்தான் பார்க்கும். அந்தச் சிக்கல் வந்தால், சீட்டில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ திறந்து, ‘வின்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்’ பகுதியில் அப்பாவின் கம்ப்யூட்டர் பெயரையும் பில்1-இன் பெயர், பாஸ்வேர்டையும் ஒருமுறை பதிந்துவிடுங்கள். முடிந்தது.

லாகின் உருவாக்கும் பெட்டியில் இரண்டு டிக் கவனிக்க வேண்டியவை. ‘அடுத்த முறை நுழையும்போது பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்’ என்பது ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும், எடுத்துவிடுங்கள். அது இருந்தால் நெட்வொர்க் வழியாக நுழையவே முடியாது. ‘பாஸ்வேர்டு காலாவதி ஆகாது’ என்பதை டிக் செய்யுங்கள். செய்யாவிட்டால் வின்டோஸின் இயல்பான 42 நாள் கெடு ஓடத் தொடங்கும். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் பில் சீட் எதிலும் டாலி திறக்காது, யாருக்கும் காரணம் புரியாது. மாதாமாதம் பாஸ்வேர்டு மாற்றும் பழக்கமும் வேண்டாம். அமெரிக்க தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், கசிந்ததாகத் தெரிந்தால் மட்டும் மாற்றினால் போதும் என்று 2017-லேயே சொல்லிவிட்டது. மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் கடைசி எண்ணை ஒன்று கூட்டுவார்கள், அவ்வளவுதான். கடைப்பெயரும் 123-ம் வேண்டாம். சம்பந்தமில்லாத மூன்று நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நீளமாகவும் இருக்கும், மனதிலும் நிற்கும்.

புதுக் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. யாரோ ஒருவர் முன்பு அப்பாவின் கம்ப்யூட்டரில் ‘பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்’ என்பதை அணைத்து வைத்திருப்பார். அது, வருபவர் எவரையும் ‘கெஸ்ட்’ என்று உள்ளே விடும் ஏற்பாடு. 2024-இன் பிற்பகுதியில் வந்த வின்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, ப்ரோ கம்ப்யூட்டர்களும் இப்படி கெஸ்ட்டாக நுழைய மறுக்கின்றன. பெயரில்லாமல் திறக்கும் சர்வரில் போலி சர்வர் எது, உண்மை எது என்று சரிபார்க்க வழியில்லை என்பதால்தான். ரெஜிஸ்ட்ரியில் (வின்டோஸின் உள் அமைப்புப் பட்டியல்) ஒரு மதிப்பை மாற்றினால் பழையபடி திறக்கும் என்று வீடியோக்கள் சொல்லும். அதைச் செய்யாதீர்கள். அப்பாவின் கம்ப்யூட்டரில் அந்த ஷேரிங் பாதுகாப்பை மறுபடி ஆன் செய்து, மேலே சொன்ன லாகின்களைப் போட்டாலே பிரச்சினை போய்விடும். அப்போதும் நுழையவில்லை என்றால் மூன்றைப் பாருங்கள். ஷேருக்கு பின் நம்பர் செல்லாது, அது அந்தந்தக் கம்ப்யூட்டரோடு சரி. முழு பாஸ்வேர்டுதான் வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத லாகின் நெட்வொர்க்கில் செல்லாது. ‘ஒரே சர்வருக்கு இரண்டு பெயரில் இணைக்க முடியாது’ என்று வந்தால், பழைய பெயரில் ஏற்கெனவே ஓர் இணைப்பு திறந்திருக்கிறது. சைன் அவுட் செய்துவிட்டு வாருங்கள்.

அனுமதியை ஆளுக்குக் கொடுக்காதீர்கள், வேலைக்குக் கொடுங்கள். அதே ‘குரூப்ஸ்’ பக்கத்தில் பில்லிங், குடோன், கணக்கு, முதலாளி என்று நான்கு குழு போதும். லாகின்களை அந்தந்தக் குழுவில் சேருங்கள். நாளைக்கு ஒருவர் பில்லிங்கிலிருந்து குடோனுக்குப் போனால் குழுவை மாற்றினால் முடிந்தது. இருபது ஃபோல்டரைத் திறந்து பெயர் தேட வேண்டாம். குழுவை மாற்றியதும் அவர் ஒருமுறை சைன் அவுட் செய்து வர வேண்டும். குழு விவரம் நுழையும்போதுதான் எழுதப்படுகிறது. பழைய இணைப்பில் பழைய உரிமையே தொடரும்.

டி டிரைவ் ஷேரை முழுதாக எடுத்துவிடுங்கள். ‘கடை’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் டாலி, விலை, ஸ்கேன், முதலாளி என்று பிரித்து, ‘கடை’-யை மட்டும் ஷேர் செய்யுங்கள். இங்கே இரண்டு அடுக்கு அனுமதி உண்டு. ஷேர் அனுமதி ஒன்று, ஃபோல்டரின் ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் இருக்கும் அனுமதி ஒன்று. நெட்வொர்க்கில் வருபவருக்கு இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். பலர் இரண்டிலும் கை வைத்துவிட்டு எது தடுக்கிறது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். ஷேர் அனுமதியில் ‘எவ்ரிஒன்’-ஐ நீக்கி, ‘ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ்’-க்கு ‘சேஞ்ச்’ கொடுங்கள், அதோடு அதை மறந்துவிடுங்கள். நுணுக்கமெல்லாம் ‘செக்யூரிட்டி’ பக்கத்தில். ஷேரில் ‘ஃபுல் கன்ட்ரோல்’ கொடுக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு: ஒரு ஃபைலை உருவாக்கியவருக்கு அதன் அனுமதியை மாற்றும் உரிமை தானாகவே இருக்கும், ஷேர் ‘சேஞ்ச்’ என்று நின்றால் நெட்வொர்க் வழியாக அந்த உரிமையைப் பயன்படுத்த முடியாது.

பிராப்பர்ட்டீஸில் ‘செக்யூரிட்டி’ பக்கமே இல்லையென்றால் அந்த டிரைவ் எக்ஸ்-ஃபேட் அல்லது ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. அதில் அனுமதி என்ற ஒன்றே கிடையாது. டேட்டாவை வேறு டிஸ்க்கில் எடுத்துவைத்துவிட்டு என்டிஎஃப்எஸ் முறையில் மறுபடி ஃபார்மட் செய்ய வேண்டும். பென் டிரைவில் எடுத்துப்போகும் எந்த ஃபைலுக்கும் இதே கதைதான்.

‘கடை’ ஃபோல்டரில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட், ‘டிஸேபிள் இன்ஹெரிட்டன்ஸ்’. இரண்டு வாய்ப்பு வரும். மேலிருந்து வந்த அனுமதிகளை அப்படியே வைத்துக்கொள்ளும் ‘கன்வர்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பட்டியலில் ‘சிஸ்டம்’, ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ இரண்டையும் முழு உரிமையோடு விட்டுவிட்டு, ‘யூசர்ஸ்’, ‘ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ்’ இரண்டையும் நீக்குங்கள். டி டிரைவில் ‘ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ்’-க்கு இயல்பாகவே ‘மாடிஃபை’ இருக்கும். அதை நீக்க மறந்தால், குழு குழுவாக நீங்கள் போட்ட மற்ற அனுமதிகள் அலங்காரம்தான். கடைசியாக நான்கு குழுக்களையும் சேர்த்து, ‘இந்த ஃபோல்டருக்கு மட்டும்’ என்று வாசிக்கும் அனுமதி கொடுங்கள். அப்போதுதான் ‘கடை’-யைத் திறந்து தங்கள் ஃபோல்டருக்குப் போக முடியும்.

உள்ளே ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. முதலாளி ஃபோல்டருக்கு முதலாளி குழு மட்டும். விலை ஃபோல்டரில் முதலாளிக்கும் கணக்குக்கும் ‘மாடிஃபை’, பில்லிங்குக்கு ‘ரீட்’. கொள்முதல் விலையை பில் சீட் பார்க்க வேண்டுமா என்று அப்பாவைக் கேளுங்கள். விற்பனை விலைப் பட்டியலைத் தனி ஃபைலாகப் பிரித்துக் கொடுப்பதுதான் நல்லது என்பது எங்கள் எண்ணம்.

‘எழுதலாம், ஆனால் அழிக்கக் கூடாது’ என்ற அனுமதியைத்தான் நீங்கள் மனதில் வைத்துக் கேட்டீர்கள். அது இருக்கிறது, ஆனால் எக்செல்லோடு ஒத்துப்போகாது. எக்செல் ஒரு ஃபைலைச் சேமிக்கும்போது அதே ஃபைலுக்குள் எழுதுவதில்லை. முதலில் ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, பழையதை ஒதுக்கிவிட்டு, தற்காலிக ஃபைலுக்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. பெயர் மாற்றவும் ‘டிலீட்’ உரிமை வேண்டும். அந்த உரிமையை எடுத்துவிட்டால் சேமிக்க முடியவில்லை என்ற செய்தி வரும், ஃபோல்டரில் புள்ளியும் நீட்சியும் இல்லாத எட்டெழுத்துப் பெயரில் குப்பை ஃபைல்கள் குவியும். ஆகவே எக்செல் ஃபைலுக்கு இரண்டே நிலை: வாசிக்கலாம், அல்லது முழுதாகத் திருத்தலாம். நடுவில் ஒன்று கிடையாது.

ஸ்கேன் ஃபோல்டருக்கு அந்த அனுமதி நன்றாகப் பொருந்தும். சரக்கு வந்த பில்லை ஸ்கேன் செய்து போட வேண்டும், போட்டதை எடுக்கக் கூடாது. குடோன் குழுவுக்கு அட்வான்ஸ்ட் பக்கத்தில் ‘ரீட் அண்ட் எக்ஸிக்யூட்’, அதோடு ‘கிரியேட் ஃபைல்ஸ்’, ‘கிரியேட் ஃபோல்டர்ஸ்’. ‘டிலீட்’, ‘டிலீட் சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ்’ இரண்டிலும் டிக் கூடாது. இரண்டில் ஒன்று இருந்தாலே அழித்துவிடலாம். ‘கிரியேட்டர் ஓனர்’ என்ற வரி பட்டியலில் இருந்தால் அதையும் நீக்குங்கள், இல்லாவிட்டால் போட்டவர் தான் போட்டதை அழிக்க முடியும். சில ஸ்கேனர் மென்பொருள்கள் தற்காலிகப் பெயரில் எழுதிப் பிறகு பெயர் மாற்றும். அவை இங்கே தடுமாறினால் குடோன் கம்ப்யூட்டரிலேயே ஸ்கேன் செய்துவிட்டு, முடிந்த பிடிஎஃப்-ஐ காப்பி செய்யச் சொல்லுங்கள்.

காப்பி என்றதும் ஒன்று. அப்பாவின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு ஃபைலை ‘முதலாளி’-யிலிருந்து ‘விலை’-க்குக் ‘கட்’ செய்து ‘பேஸ்ட்’ செய்தால், ஒரே டிரைவ் என்பதால் அது பழைய அனுமதியோடே போகும். பில் சீட்டில் ‘ஆக்ஸஸ் டினைட்’ வரும். எதிர்த்திசையில் இன்னும் மோசம்: பொது ஃபோல்டரிலிருந்து முதலாளி ஃபோல்டருக்கு ‘கட்’ செய்த ஃபைல், ரகசியம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, பழைய ஆட்களின் உரிமையை இழுத்துக்கொண்டே வந்திருக்கும். காப்பி செய்தால் புது இடத்தின் அனுமதியை ஏற்கும். அதனால் காப்பி செய்துவிட்டுப் பழையதை அழியுங்கள். ஏற்கெனவே குழம்பியிருந்தால், அட்வான்ஸ்ட் பக்கத்தின் அடியில் இருக்கும் ‘ரீப்ளேஸ் ஆல் சைல்ட் ஆப்ஜெக்ட்’ பெட்டியை டிக் செய்து அப்ளை கொடுத்தால் உள்ளே இருக்கும் அனைத்தும் ஒரே சீராகும். ‘டினை’ பக்கம் மட்டும் போகாதீர்கள். ஒருவர் இரண்டு குழுவில் இருந்தால் ஒரு ‘டினை’ பல ‘அலவ்’-களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும், மூன்று மாதம் கழித்து யாருக்கும் காரணம் நினைவிருக்காது. கொடுக்க வேண்டாதவருக்குக் கொடுக்காமல் இருந்தாலே போதும்.

இப்போது டாலி ஃபோல்டர். உங்களுக்குக் கசப்பாக இருக்கும் பகுதி இதுதான். பில் சீட்டில் ஓடும் டாலி, ஷேரில் இருக்கும் டேட்டா ஃபைல்களில் நேரடியாக எழுதுகிறது. எனவே பில்லிங் குழுவுக்கு அந்த ஃபோல்டரில் ‘மாடிஃபை’ கொடுத்தே ஆக வேண்டும். ‘மாடிஃபை’ என்றால் அழிக்கவும் முடியும். வின்டோஸ் அனுமதியை வைத்து இதைத் தடுக்க வழியில்லை. டாலியின் தனி சர்வர் பதிப்பு அந்த ஃபோல்டரை நேரடியாகத் திறக்காமலே வேலை செய்ய விடும். உங்கள் அளவுக்கு அதை வாங்கத்தான் வேண்டும் என்று சொல்ல மாட்டோம். பதிலாக இரண்டு செய்யுங்கள்.

ஒன்று, டாலிக்குள் ஆளுக்கு ஒரு பெயர். டாலி பிரைமில் ஆல்ட், கே அழுத்தி, கம்பெனியை ஆல்டர் செய்து, ‘கன்ட்ரோல் யூசர் ஆக்ஸஸ் டு கம்பெனி டேட்டா’ என்பதற்கு ‘யெஸ்’. அட்மினிஸ்ட்ரேட்டர் பெயர், பாஸ்வேர்டு கேட்கும், அது அப்பாவிடம். பிறகு அதே மெனுவில் ‘யூசர் ரோல்ஸ்’, ‘யூசர்ஸ் அண்ட் பாஸ்வேர்ட்ஸ்’. ஏற்கெனவே இருக்கும் ‘டேட்டா என்ட்ரி’ ரோலை அடிப்படையாக வைத்து பில்லிங் ரோல் ஒன்று உருவாக்குங்கள்: பில் போடலாம், அச்சடிக்கலாம், போட்ட வவுச்சரைத் திருத்தக் கூடாது. பின்தேதி போட எத்தனை நாள் அனுமதி என்ற கட்டமும் உண்டு, அதைக் காலியாக விடாதீர்கள். ‘எடிட் லாக்’-ஐயும் இயக்குங்கள். கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் இத்தகைய திருத்தப் பதிவு சட்டப்படி கட்டாயம். தனிநபர் வியாபாரத்துக்கு இல்லை, ஆனால் பாக்கித் தொகை எப்படி மாறியது என்ற சண்டையை இது ஒரு நிமிடத்தில் தீர்க்கும். ‘டாலி வால்ட்’ பாஸ்வேர்டு வேறு விஷயம். அது டேட்டாவையே மறையாக்கம் செய்யும். மறந்தால் யாராலும் திறக்க முடியாது. எழுதி லாக்கரில் வைக்க முடியாதவர் அதைத் தொட வேண்டாம்.

இரண்டு, பில் சீட்டின் கை எட்டாத பேக்கப். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நாச நிரல்) ஒரு சீட்டில் நுழைந்தால் அந்த லாகினுக்கு எங்கெல்லாம் ‘மாடிஃபை’ இருக்கிறதோ அங்கெல்லாம் பூட்டிவிடும். அது தொட முடியாத இடத்தில் பிரதி இருக்க வேண்டும். அப்பாவின் கம்ப்யூட்டரில் ஷேர் செய்யாத ஒரு ஃபோல்டர், அதற்கு சிஸ்டமும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸும் மட்டும். கடை அடைத்து டாலியை எல்லோரும் மூடிய பிறகு, இரவு 10.30-க்கு டாஸ்க் ஷெட்யூலர் (குறித்த நேரத்தில் தானாக வேலையைத் தொடங்கும் வின்டோஸ் வசதி) அங்கே பிரதி எடுக்கட்டும். தேதி போட்டுத் தனித்தனியாக, ஒன்றின் மேல் ஒன்று எழுதாமல். வாரம் ஒருமுறை அதை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுக் கழற்றிவிடுங்கள். இரண்டு டிஸ்க், ஒன்று கடையில், ஒன்று வீட்டில். மாதம் ஒருமுறை ஒரு பிரதியை வேறு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, நேற்றைய கடைசி பில் வருகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப வேண்டாம்.

இனி அழித்தது யார் என்று தெரிய வேண்டுமானால், ‘லோக்கல் செக்யூரிட்டி பாலிசி’-யில் அட்வான்ஸ்ட் ஆடிட் பாலிசி, ஆப்ஜெக்ட் ஆக்ஸஸ், ‘ஆடிட் ஃபைல் சிஸ்டம்’, சக்ஸஸ். பிறகு ‘கடை’ ஃபோல்டரின் அட்வான்ஸ்ட் பக்கத்தில் ‘ஆடிட்டிங்’ போய், ‘எவ்ரிஒன்’ பெயரில் இரண்டு டிலீட் வரிகளை மட்டும் டிக் செய்யுங்கள். வாசிப்பதையும் பதியச் சொன்னால் ஒரே நாளில் பதிவு நிரம்பிவிடும். செக்யூரிட்டி பதிவின் அளவு இயல்பாக 20 எம்பிதான், நிரம்பினால் பழையதை அழித்துக்கொண்டே போகும். 200 எம்பி ஆக்குங்கள். ஈவென்ட் வியூவரில் 4663, 4660 என்ற எண்களைத் தேடினால் எந்த லாகின், எந்த ஃபைல், எத்தனை மணிக்கு என்று தெரியும். எக்செல் சேமிக்கும்போதும் டிலீட் பதிவு விழும் என்பதை மறந்துவிட்டு யார் மீதும் பாயாதீர்கள்.

வேலையை விட்டுப் போனவரின் லாகினை அழிக்காதீர்கள், ‘அக்கவுண்ட் இஸ் டிஸேபிள்ட்’ என்று டிக் செய்யுங்கள். வின்டோஸ் ஆளைப் பெயரால் அறிவதில்லை, உள்ளே இருக்கும் ஒரு நீண்ட எண்ணால் அறிகிறது. அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும் அது வேறு ஆள்தான். பழைய அனுமதிகள் பெயரில்லா எண்ணாக ஃபோல்டர்களில் தொங்கிக்கொண்டிருக்கும். லாகினை முடக்கிய பிறகும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு கொஞ்ச நேரம் ஓடும். கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் ‘ஷேர்ட் ஃபோல்டர்ஸ்’, ‘செஷன்ஸ்’ போய் அதை மூடுங்கள்.

போன மாதம் போனவர் விஷயத்தில் இன்றைக்கே செய்ய வேண்டியவை கம்ப்யூட்டருக்கு வெளியேதான் அதிகம். அவர் அறிந்த அந்தப் பொது பாஸ்வேர்டு, கடை வைஃபை பாஸ்வேர்டு, எனிடெஸ்க் பாஸ்வேர்டு மூன்றையும் மாற்றுங்கள். கடை வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ திறந்து தெரியாததை வெளியேற்றுங்கள். இ-வே பில் தளத்தில் கடையின் முதன்மை லாகினையே எல்லோரும் பயன்படுத்தியிருந்தால் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, ‘யூசர் மேனேஜ்மென்ட்’ பகுதியில் ஆளுக்கு ஒரு சப்-யூசர் உருவாக்குங்கள். யார் எந்த வேலை செய்யலாம் என்று அங்கேயே பிரிக்கலாம், போனவரை ‘ஃப்ரீஸ்’ செய்யலாம், ஒவ்வொருவருக்கும் ஓடிபி அவரவர் பதிந்த எண்ணுக்கே வரும். ஓடிபி வரும் கடை சிம் யார் போனில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து உள்ள யுஎஸ்பி) அப்பாவின் மேஜை இழுப்பறையில் இருக்கட்டும், கம்ப்யூட்டரில் செருகியபடி அல்ல.

கணக்கரின் எனிடெஸ்க்கை நிறுத்த வேண்டாம், இடம் மாற்றுங்கள். எனிடெஸ்க் தனக்கென்று ஒரு லாகினைத் திறப்பதில்லை. அந்த நேரத்தில் யார் திரை திறந்திருக்கிறதோ அதைத்தான் அவர் கையில் கொடுக்கும். அப்பாவின் கம்ப்யூட்டரில் இணைத்தால் அப்பாவின் உரிமை முழுவதும் திருமங்கலத்துக்குப் போகிறது. அவருடைய சீட்டில் மட்டும் எனிடெஸ்க் இருக்கட்டும், அங்கே அவருடைய லாகின் திறந்திருக்கட்டும், மற்ற ஐந்திலும் நீக்கிவிடுங்கள். அதன் செக்யூரிட்டி பக்கத்தில் அனுமதிப் பட்டியல் உண்டு. கணக்கரின் வீட்டு எனிடெஸ்க் எண்ணை மட்டும் அதில் சேர்த்தால் பாஸ்வேர்டு தெரிந்த வேறு யாரும் கதவைத் தட்டக்கூட முடியாது. எனிடெஸ்க் மெதுவாக இருக்கிறது என்று யாராவது ரௌட்டரில் 3389 போர்ட்டைத் திறந்து ரிமோட் டெஸ்க்டாப் வைத்துத் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இணையத்தில் திறந்து கிடக்கும் அந்த எண்ணைத் தேடி நாளெல்லாம் பாஸ்வேர்டு போட்டுப் பார்ப்பதற்கென்றே நிரல்கள் ஓடுகின்றன. ரான்சம்வேர் நுழையும் முக்கிய வாசல்களில் அது ஒன்று.

இதையெல்லாம் ஒரு ஞாயிறு மதியத்துக்கு மேல் தொடங்குங்கள். மாசி வீதியில் தேர் வரும் நாளில் வியாபாரம் இருக்காதே, அன்றைக்குச் செய்யலாம் என்று தோன்றும்; ஏதாவது சிக்கினால் அன்று கம்ப்யூட்டர் ஆள் வர மாட்டார். முதல் ஞாயிறு பேக்கப்பும் பில்1 சீட்டும் மட்டும். ஒரு வாரம் ஓடட்டும். பில்1-இல் வரும் ‘அது திறக்கலை, இது திறக்கலை’ எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்து, அதைத் தீர்த்த பிறகு அடுத்த ஞாயிறு மற்ற நான்கு சீட்டுகள்.